எக்ஸிமா, கரப்பான், காப்பு

என் அக்கா மகளுக்கு நான்கு வயது. அவளுடைய முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு திட்டு. சிவப்பாக இல்லை, சாம்பல் பூத்த கருமை. விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இரவில் தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் போர்வையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். பாட்டி அதைப் படை என்றார். எதிர்வீட்டு அம்மாள் கரப்பான் என்றார். மருந்துக் கடைக்காரர் எக்ஸிமா என்றார். தோல் மருத்துவரின் சீட்டில் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று இருந்தது. ஒரே கை, நான்கு பெயர்கள். இவற்றில் எந்தப் பெயரைப் பிடித்துக்கொள்கிறோமோ அதற்கேற்ற வைத்தியத்தைத்தான் தேடிப் போகிறோம் என்பதால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எக்ஸிமா கிரேக்கச் சொல். 'எக்' என்றால் வெளியே. 'ஸெயின்' என்றால் கொதித்தல். அடுப்பில் பால் பொங்கி வழிகிறதே, அந்தக் காட்சிதான் இந்தச் சொல். ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்த அமிடா நகரத்து ஏட்டியஸ் என்ற மருத்துவர், எரிச்சலோடு கிளம்பும் கொப்புளங்களை மக்கள் இப்படி அழைப்பதாக எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோல் நோய்களைக் கண்ணுக்குத் தெரியும் உருவத்தை வைத்து வகைப்படுத்திய லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் இதற்கு மருத்துவ நூல்களில் நிலையான இடம் கொடுத்தார்.

உள்ளே ஏதோ கொதிக்கிறது, அது தோல் வழியாக வெளியே வருகிறது என்பது இந்தப் பெயருக்குள் இருக்கும் எண்ணம். நமக்கும் அது அந்நியம் இல்லை. 'உடம்புச் சூடு', 'ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது' என்று நம் வீடுகளில் சொல்வதும் அதைத்தான். டெர்மடைட்டிஸுக்கு நாம் வைத்திருக்கும் 'தோலழற்சி' என்ற சொல்லிலும் நெருப்பு இருக்கிறது; அழல் என்றால் தீ. தோலழற்சி நல்ல சொல், பொதுச்சொல்லாக இருக்கட்டும். ஆனால் எக்ஸிமாவுக்கென்று தனியாக ஒரு பெயர் வேண்டும்.

அகராதிகளிலும் பேச்சிலும் அதற்குப் படை, சொறி, சிரங்கு, கரப்பான் என்ற சொற்களைக் காண்கிறோம். முதல் மூன்றையும் நான் ஏற்கமாட்டேன். பண்டிதத்தனத்தால் சொல்லவில்லை, பயத்தால் சொல்கிறேன்.

சொறிசிரங்கு என்று ஊரில் பெரும்பாலும் குறிப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வரும் நோய். அது ஒட்டும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். எக்ஸிமா ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, கட்டி அணைத்தாலும் ஒட்டாது. இதைச் சிரங்கு என்று சொல்லிவிட்டால், அந்தக் குழந்தையோடு மற்றக் குழந்தைகளை விளையாட விடமாட்டார்கள். என் அக்கா மகளுக்கு அது நடந்தது. பள்ளியில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு தவறான சொல் நான்கு வயதுப் பிள்ளையை அப்படித் தள்ளி வைத்துவிட்டது.

படை என்ற சொல்லில் ஆபத்து வேறு வகை. படர்ந்து போவதையெல்லாம் நாம் படை என்கிறோம். வட்ட வட்டமாக ஓரம் தடித்துப் பரவும் படர்தாமரை பூஞ்சையால் வருவது. எக்ஸிமா முற்றி அரிக்கும்போது மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் 'படைக்குக் கேட்டது' என்று பக்கத்து வீட்டுக்காரர் வாங்கித் தன் படர்தாமரையில் பூசினால் அரிப்பு சில நாள் அடங்கும். பூஞ்சை உள்ளுக்குள் நன்றாக வளரும். பிறகு உருவமே மாறி, மருத்துவராலும் எளிதில் அடையாளம் காண முடியாதபடி பரவும். இரண்டு நோய்க்கு ஒரே பெயர் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே மருந்து போய்ச் சேர்கிறது.

எஞ்சுவது கரப்பான். சித்த மருத்துவத்தில் இந்தப் பெயருக்கு நீண்ட பழக்கம் உண்டு: மண்டைக் கரப்பான், செங்கரப்பான், கருங்கரப்பான் என்று இடத்தையும் நிறத்தையும் வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். கரப்பான் பூச்சி நினைவுக்கு வருவதால் பலர் இந்தச் சொல்லைக் கூச்சத்தோடு தவிர்க்கிறார்கள். பூச்சியின் பெயர் கரத்தல், அதாவது ஒளிதல் என்ற வினையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். விளக்கைப் போட்டதும் இடுக்கில் ஒளிகிறது அல்லவா? ஒலி ஒத்திருப்பதாலேயே நோய்க்கும் பூச்சிக்கும் உறவு கட்ட வேண்டியதில்லை. பூச்சி கடித்து வரும் நோயும் அல்ல இது. எக்ஸிமாவுக்குத் தமிழ் கரப்பான்தான் என்பது என் முடிவு.

இந்தச் சொல்லோடு ஒட்டி வரும் 'கரப்பான் பண்டம்', அதாவது கரப்பானைக் கிளப்பிவிடும் என்று ஒதுக்கும் உணவு, என்பதை மட்டும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். கத்தரிக்காய், கருவாடு என்று தொடங்கி, பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவார்கள். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. அதைச் சோதித்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். சோதிக்காமல் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால் தோல் ஆறாமலே இருக்க, பிள்ளை மெலிந்துபோகும்.

'அடோபிக்' என்ற அடைமொழியும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். 1923இல் நியூயார்க்கில் ஆர்தர் கோக்காவும் ராபர்ட் குக்கும் ஆஸ்துமா, தூசு தும்மல் போன்றவற்றைச் சேர்த்துக் குறிக்க 'அடோபி' என்ற சொல்லை உருவாக்கினார்கள். 'டோபோஸ்' என்றால் இடம். 'அ' சேர்ந்தால் இடம் பொருந்தாதது, வழக்கத்துக்கு மாறானது. 1933இல் ஃபிரெட் வைஸ், மேரியன் சுல்ஸ்பெர்கர் இருவரும் அதை இந்தத் தோல் நோயோடு சேர்த்து அடோபிக் டெர்மடைட்டிஸ் என்றார்கள். தமிழில் இதை 'ஒவ்வாமைத் தோலழற்சி' என்று எழுதுகிறோம். படித்தவுடன் எது ஒவ்வவில்லை என்ற தேடல்தான் தொடங்குகிறது. தோலைப் பார்க்க வேண்டிய கண் சமையலறைக்குப் போய்விடுகிறது.

தோலின் மேற்பரப்பில், உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான கனத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது. இறந்த செல்கள் செங்கல் போல அடுக்கப்பட்டிருக்க, இடையில் செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற கொழுப்புப் பொருள்கள் சாந்து போலப் பூசப்பட்டிருக்கின்றன. செங்கலும் சாந்தும் என்ற இந்த உவமையைப் பரப்பியவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ். 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழுவினர் ஒன்றைக் கண்டறிந்தார்கள்: ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதாகியிருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகவும் அதிகம். ஃபிலாக்ரின்தான் அந்தச் செங்கற்களை உறுதியாக்குவது. அது சிதையும்போது உண்டாகும் பொருள்கள்தான் தோலின் ஈரத்தைப் பிடித்துவைப்பவை. அது குறைந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து போகிறது. வெளியிருக்கும் தூசும் சோப்பும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. அந்த ஊடுருவலை எதிர்த்து உடல் சண்டை போடுகிறது. அழற்சி என்பது அந்தச் சண்டை. கிரேக்கர் கண்ட கொதிப்பு உண்மைதான். ஆனால் பல பேருக்கு அதன் தொடக்கம் மதிலில் விழுந்த ஓட்டை.

இந்த அடுக்கின் வேலையைச் சில கட்டுரைகளில் 'தோல் தடை' என்று எழுதுகிறார்கள். தோலுக்கு யாரோ தடை விதித்தது போல இருக்கிறது. தோல் அரண் என்று சொல்லலாமே. கோட்டை, அகழி, காவல்காடு எல்லாம் அடங்கிய சொல் அது. வள்ளுவர் அரணுக்கு இலக்கணம் சொல்லும்போது முதலில் வைப்பது 'மணிநீர்'. நம் தோல் அரணும் முதலில் காப்பது நீரைத்தான்.

அரணைப் பழுதுபார்க்கும் பூச்சுக்கு என்ன பெயர்? மாய்ஸ்சுரைசர் என்பதை 'ஈரப்பதமூட்டி' என்று ஆக்கிவிட்டோம். அது ஈரத்தை ஊட்டுவதைவிட, இருக்கும் ஈரம் போகாமல் காப்பதே பெரிய வேலை. எமோலியன்ட் என்பது மென்மை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழி வந்தது. 'மென்மையூட்டி' என்றால் அழகுக் கடை நினைவுதான் வருகிறது. வாசலைன் என்ற பெயரில் கூட, ஜெர்மன் மொழியின் தண்ணீரும் கிரேக்கத்தின் எண்ணெயும் கலந்திருக்கின்றன. 1872இல் ராபர்ட் செஸ்ப்ரோ அதற்குக் காப்புரிமை பெற்றார். க்ரீம் என்ற சொல்லின் பின்னால் 'கிரிஸ்மா' என்ற கிரேக்கச் சொல் நிற்கிறது. பூசுதல், புனித எண்ணெய் இடுதல் என்று பொருள்.

எண்ணெய் இடுதல் என்றதும் எனக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்தது. அங்கே மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. நீரால் திருமஞ்சனம் கிடையாது. நீர் பட்டால் சுதை கெடும். அதனால் தைலக்காப்பு இடுகிறார்கள். சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்று நாம் நாள்தோறும் சொல்லும் அந்தக் 'காப்பு' ஒரே மூச்சில் பூச்சையும் பாதுகாப்பையும் குறிக்கிறது. வேறு சொல் தேடி அலைய வேண்டாம். கரப்பானில் ஈரம் காக்கப் பூசும் மருந்தில்லாத க்ரீம், களிம்பு, லோஷன் அனைத்துக்கும் தோல்காப்பு என்ற ஒரு பெயர் போதும்.

சொல் சரியாக இருந்தால் பூசும் கையும் மாறும் என்று அக்கா வீட்டில் பார்த்தேன். அழகுக்காக என்றால் கடுகளவு எடுத்துத் தேய்ப்போம். காப்பு என்றால் மூட வேண்டும். உடல் முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை வேண்டியிருக்கும் என்பது பிரிட்டனில் மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காயும் முன்பே பூச வேண்டும். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பது நல்லது. கடலைமாவு, பயத்தமாவு போட்டு உரசுவதை நிறுத்தினோம். சோப்பையும் நிறுத்தினோம், தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது, சாதாரணச் சோப்பு நல்ல காரம்.

எந்தக் காப்பு சிறந்தது? இங்கிலாந்தில் 550 குழந்தைகளை வைத்து லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு நான்கையும் ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான முடிவின்படி ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்ததாக இல்லை. பிள்ளை அழாமல் பூசவிடுவது எதுவோ அதை வாங்கலாம். வாசனை சேர்த்தவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் அரணைப் பலவீனப்படுத்துவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் கன்னித் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது.

கரப்பான் கொதித்துக் கிளம்பிய நாள்களில் காப்பு மட்டும் போதாது. அப்போது மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு களிம்பை, சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூச வேண்டும். நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். இன்னொன்று, நம் வீடுகளுக்கு மிகவும் முக்கியம்: காப்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். பூசிய உடையோடு பிள்ளையைக் குத்துவிளக்குக்கும் அடுப்புக்கும் அருகே விடக் கூடாது.

போன வாரம் அக்கா தொலைபேசியில் சொன்னாள். பாட்டி இப்போது படை என்ற சொல்லை விட்டுவிட்டார். "குளித்தாயிற்றா? வா, காப்புப் போடலாம்" என்று கூப்பிட்டாராம். பிள்ளை புது வளையல் என்று நினைத்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.