சொல் விளக்கம்: கிராண்ட்ஃபாதர் கிளாஸ்

புதிய விதி வரும்போது ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மட்டும் பழைய நிலையே தொடரலாம் என்று விட்டுவைப்பதை 'கிராண்ட்ஃபாதர் கிளாஸ்' (grandfather clause, அதாவது 'பாட்டன் விதி') என்கிறார்கள். கட்டட அனுமதி, காப்பீடு, மென்பொருள் சந்தா என எங்கும் புழங்குகிற சொல். ஆனால் இது பிறந்தது அமெரிக்கத் தென்மாநிலங்களின் தேர்தல் சட்டங்களில், கறுப்பினத்தவரின் ஓட்டுரிமை பறிபோன காலத்தில்.

இனத்தையோ நிறத்தையோ முன்பு அடிமையாக இருந்ததையோ காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இல் அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வந்தது. எனவே தென்மாநிலங்கள் வேறு வழி தேடின. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் சொத்து இருக்க வேண்டும் என்றன. அதில் ஏழை வெள்ளையர்களும் சிக்குவார்களே? அவர்களைக் காப்பாற்றத்தான் பாட்டனைக் கூப்பிட்டார்கள். 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ ஓட்டுரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் இந்த நிபந்தனைகள் கிடையாது என்று லூசியானா 1898இல் எழுதிவைத்தது.

அந்தத் தேதியில்தான் அநியாயம் முழுவதும் இருக்கிறது. தென்மாநிலக் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமைக்கு வழிதிறந்த சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1867 மார்ச்சில். அடிமையாக வாழ்ந்த பாட்டனுக்கு அதற்கு முன் ஓட்டு ஏது? சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை மட்டும் கச்சிதமாக நடந்தது. 1896இல் லூசியானாவில் 1,30,000க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள், 1904இல் சுமார் 1,300 பேர்.

ஓக்லஹோமாவின் இதே போன்ற விதியை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எட்வர்ட் ஒயிட், அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையில் இருந்தவர். அப்புறமும் ஓக்லஹோமா அடங்கவில்லை. 1914இல் ஓட்டுப் போட்டவர்கள் தாமாகவே பட்டியலில் இருப்பார்கள், 1916இல் தகுதி பெற்றிருந்த மற்றவர்கள் அந்த ஆண்டே சுமார் 12 நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் உரிமை நிரந்தரமாகப் போய்விடும் என்று புதுச் சட்டம் போட்டது. அது விழ 1939 ஆனது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வரலாற்றைப் பேசும்போது 'பாட்டனார் விலக்கு விதி' பொருத்தம். 'பாட்டன் சொத்து' என்று நாம் சொல்வதுபோல, ஓட்டுரிமையையே பரம்பரைச் சொத்தாக்கிய விதி அது. இன்றைய பொதுப் பொருளுக்குப் பாட்டனார் தேவையில்லை. 'முன்னிருந்தோர் விலக்கு' போதும். 'முன்னுரிமை' என்று எழுதுவது பிழை, அது வரிசையில் முதலிடம் தருவது. பேச்சில் இன்னும் எளிது: "புது விதி பழைய ஆட்களுக்குக் கிடையாது."