சாகக் கிடந்தபோது உயிலைத் திருத்திய நீதிபதி

"உயிலைப் பதிவு பண்ணியாச்சே சார், இனி மாத்த முடியாதே?" என்று கேட்டு வரும் பெரியவர்களுக்கு நான் சொல்வது ஜார்ஜ் வித்தின் கதை.

வித், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில வழக்கறிஞர். 1776இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1779இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சட்டப் பேராசிரியரானார். அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு அவர்தான் முதல் ஆள். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் அவரிடம் சட்டத் தொழில் படித்தவர். பிற்பாடு வித், ரிச்மண்ட் நகரில் சான்சலர் என்ற நீதிபதிப் பதவியில் இருந்தார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்தில் பெரும்பங்கைச் சகோதரியின் பேரன் ஸ்வீனிக்கு எழுதியிருந்தார். வீட்டில் வளர்ந்த மைக்கேல் பிரவுன் என்ற கலப்பினப் பையனுக்கும் வங்கிப் பங்குகளில் ஒரு பகுதி. பிரவுன் முந்தி இறந்தால் அதுவும் ஸ்வீனிக்கே. உயிலில் இந்த மாதிரி வாசகத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் பகீரென்கிறது.

ஸ்வீனி ஏற்கெனவே தாத்தாவின் கையெழுத்தைப் போட்டுக் காசோலை மாற்றிக்கொண்டிருந்தான். 1806 மே மாதக் கடைசியில் ஒரு காலை, அடுப்படியில் காபி ஊற்றிக் குடித்துவிட்டு, வெள்ளைக் காகிதம் ஒன்றை நெருப்பில் போட்டான். கறுப்பினச் சமையல்காரி லிடியா பிராட்னாக்ஸ் அதைப் பார்த்தார். சற்று நேரத்தில் வித், பிரவுன், லிடியா மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ஆர்சனிக் விஷம் என்றுதான் சந்தேகம்.

ஜூன் 1 காலை பிரவுன் இறந்தான். அன்றே வித், படுக்கையில் இருந்தபடி, உயிலுக்குத் திருத்தம் எழுதவைத்தார். நாங்கள் 'கோடிசில்' என்பது இதைத்தான். ஸ்வீனிக்கு ஒரு காசும் இல்லை. அவன் பங்கு அவனுடைய உடன்பிறந்தவர்களுக்கு. ஜூன் 8 அன்று வித் இறந்தார்.

நம் சட்டத்திலும் இதற்கு வழி உண்டு. புத்தி தெளிவாக இருக்கும்வரை உயிலை எத்தனை முறையும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சாட்சிகள் இருவர் கையெழுத்து கண்டிப்பாக வேண்டும், கோடிசிலுக்கும்தான். நோயாளி என்றால் மருத்துவர் சான்று வாங்கி வைப்பது நல்லது. கொலை செய்தவன் கொல்லப்பட்டவரின் வாரிசாக முடியாது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே! கோடிசிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வித்துக்கு நடந்ததைப் பாருங்கள். லிடியா உயிர் பிழைத்தார். ஆனாலும் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல வர்ஜீனியா சட்டம் விடவில்லை. மனிதர் யாவரும் பிறப்பிலேயே சுதந்திரர் என்று அதே 1806இல் ஓர் அடிமை வழக்கில் தீர்ப்பெழுதியவர் வித்! ஸ்வீனி கொலை வழக்கில் விடுதலையானான். காசோலை மோசடித் தண்டனையும் மேல்முறையீட்டில் ரத்தானது. அவனுக்காக வாதாடியவர்களில் எட்மண்ட் ராண்டால்ஃப் ஒருவர். படுக்கையருகில் கோடிசிலை எழுதிக் கொடுத்தவரும் அவரே.