டம்ப் என்பது பாஸ்ட் பேப்பர் அல்ல

கடந்த வாரம் கொழும்பிலுள்ள எங்கள் அலுவலகத்தில் நடந்த நேர்முகப் பரீட்சையில், சிஸ்கோ நிறுவனத்தின் கணினி வலையமைப்புச் சான்றிதழ்ப் பரீட்சையான சி.சி.என்.ஏ. இல் அண்மையில் சித்தியடைந்திருந்த தம்பி ஒருவரிடம், /26 வலையமைப்பொன்றில் (64 முகவரிகள் கொண்ட துண்டு) எத்தனை கணினிகளுக்கு முகவரி வழங்கலாம் என்று கேட்டேன். கேள்வி முடியுமுன்னரே "62" என்றார், சரியான விடை. 192.168.10.70/26 என்ற முகவரியுள்ள கணினிக்கு 192.168.10.1 கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, இணையம் வரவில்லை, ஏன் என்று அடுத்ததாகக் கேட்டேன். கேபிளைச் சோதிக்கலாம் என்றார், பிறகு ரவுட்டரை நிறுத்திப் போடலாம் என்றார். கணினியும் அதன் கேட்வேயும் ஒரே துண்டில் இருக்க வேண்டும்; இங்கே 70 விழுவது 64 முதல் 127 வரையான துண்டில், 1 விழுவது 0 முதல் 63 வரையான துண்டில் என்பது கடைசிவரை அவர் கண்ணில் படவில்லை. இந்த ஆண்டில் இப்படிச் சான்றிதழோடு என் முன் அமர்ந்தவர்களில் இவர் ஆறாவது ஆள்.

எப்படிப் படித்தீர்கள் என்றபோது, "பாஸ்ட் பேப்பர் செய்தேன், சேர்" என்றார், எந்தக் கூச்சமும் இல்லாமல். அவர் சொன்னது டம்பை, அதாவது பரீட்சையிலிருந்து களவாக வெளியே வந்த வினா விடைத் தொகுப்பை.

நம் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை கடந்தகால வினாத்தாள்களோடு வளர்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த ரியூட்டரிக்குப் போனாலும் கிடைக்கும் அந்த அறிவுரை நல்லதே. ஏனெனில் அவை நடந்து முடிந்த பரீட்சையின் வினாத்தாள்கள், வெளிப்படையாகக் கிடைப்பவை, அதே வினா அப்படியே திரும்பி வராது என்று தெரிந்தே மாணவர் அவற்றில் முறையைப் பழகுகிறார். டம்போ, வினாக்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு பரீட்சைக்கு அமர்ந்த ஒருவர் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தது. இன்னும் பாவனையிலுள்ள வினாக்களைக் களவாக எடுத்தது. சிஸ்கோ நிறுவனம் இப்பரீட்சையின் பழைய வினாத்தாள்களை வெளியிடுவதே இல்லை. ஆகவே சி.சி.என்.ஏ. பாஸ்ட் பேப்பர் என்றொரு பொருள் கிடையாது; வட்ஸ்அப்பில் வந்தாலும் கிடையாது, கம்பஸ் அண்ணா தந்தாலும் கிடையாது. பிடிபட்டால் சான்றிதழ் இரத்தாகலாம், மீண்டும் எழுதவும் தடை வரலாம்.

டம்பிலுள்ள விடைகளும் ஒழுங்கானவை அல்ல. ஒரு தம்பி காட்டிய டம்பில், 10.1.0.0/16 க்குக் கையால் எழுதிய நிலையான வழியும் 10.1.1.0/24 க்கு ரவுட்டர்கள் ஓ.எஸ்.பி.எப். என்ற முறையில் தமக்குள் பேசிக் கற்ற வழியும் இருக்கையில், 10.1.1.5 க்குப் போகும் தரவுப் பொதி நிலையான வழியையே எடுக்கும், அதன் நிர்வாகத் தூரம் (வழியின் நம்பகத்தைக் காட்டும் எண், சிறியதே வெல்லும்) 1 என்பதால், என்று எழுதியிருந்தது. பிழை. ரவுட்டர் முதலில் பார்ப்பது நீளமான முன்னொட்டை, அதாவது / க்குப் பின்னுள்ள எண் பெரிதான வழியை; இங்கே அது /24. ஒரே முன்னொட்டுக்கு இரண்டு வழிகள் போட்டியிட்டால்தான் நிலையான வழியின் 1, ஓ.எஸ்.பி.எப். இன் 110 என்ற எண்களுக்கு வேலை. (இதைப் பணியிடத்தில் பிழைவிட்டால் ஒரு கிளை அலுவலகமே இருளில் கிடக்கும்.)

சி.சி.என்.ஏ. பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர்; டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 90,000 ரூபாய். பல வீடுகளில் அது அம்மாவின் சீட்டுக்காசு. 120 நிமிடங்களில், விட்ட வினாவுக்குத் திரும்பிப் போக முடியாத பரீட்சை அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து சாதனத்தை அமைக்கும் வினாக்களும் வரும். சான்றிதழ் செல்லுபடியாவது 3 ஆண்டுகளுக்கு.

பயிற்சிக்குப் பழைய வலையமைப்புச் சுவிட்ச் தேடி, கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசா முழுவதும் அலையாதீர்கள். திரையிலேயே வலையமைப்பைக் கட்டிப் பழகும் மென்பொருளான பக்கட் ட்ரேசர் இலவசம். சிஸ்கோ நெட்வேர்க்கிங் அக்கடமியில் கணக்குத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ரவுட்டர், மூன்று சுவிட்ச் வைத்து ஒரு வலையமைப்பைக் கட்டி, நண்பரிடம் ஏதாவதொன்றைக் குழப்பிவிடச் சொல்லி, பிழையை நீங்கள் கண்டுபிடியுங்கள். வலையமைப்பைத் துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குகள் பத்தைத் தினமும் பென்சிலால் போடுங்கள். பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது. பாடத்திட்டத்தில் பொதிகளுக்கு வழிகாட்டுவதைச் சொல்லும் ஐ.பி. இணைப்புக்கு மட்டும் 25 சதவீதம்; அதை விட்டுவிட்டு வயர்லெஸ்ஸில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்காதீர்கள்.

டம்ப் வாங்கிவிட்டவர்களிடம், தம்பியோ தங்கச்சியோ, கெஞ்சிக் கேட்கிறேன்: அதற்குக் கொடுத்த காசு போனது போகட்டும், பரீட்சைத் திகதியை மட்டும் நேரத்தோடு ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.