ஜாடியின் அடியில் மிஞ்சிய எண்ணெய்

எங்கள் அம்மிச்சி வீட்டில் கடலெண்ணெய் தீர்ந்தால், உடனே புது எண்ணெயை ஊற்ற விடமாட்டார். பீங்கான் ஜாடியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்த பிறகுதான் ஊற்றுவார். "அடியில கெடக்கறது புதுசையும் கெடுத்துப்போடும் கண்ணு" என்பார். வேதியியல் சொல்வதும் அதையேதான்.

சோறு கெடுவது கிருமிகளால். எண்ணெயில் தண்ணீர் அநேகமாக இல்லாததால் கிருமிகள் பெருக வழியில்லை. எண்ணெயைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன். எண்ணெயின் பெரும்பகுதியாக இருக்கும் கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த இழை. அதில் சில இடங்களில் இரண்டு கார்பன்கள் இரட்டையாகக் கோத்திருக்கும்; அதுதான் இரட்டைப் பிணைப்பு. அதை ஒட்டிய கார்பனில் ஹைட்ரஜனின் பிடி தளர்வாக இருக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜனுக்குப் பிடி இன்னும் குறைவு. வழக்கமான கடலெண்ணெயில் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கும் லினோலிக் அமிலம் இந்த ரகம்.

சூடோ வெளிச்சமோ பட்டு ஒரு ஹைட்ரஜன் கழன்றால் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டியதும் அந்த மூலக்கூறு பக்கத்து மூலக்கூறிடம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படி உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. அது உடைந்து ஆல்டிஹைடு என்னும் வாடையுள்ள சிறு மூலக்கூறுகளாக மாறும்போதுதான் சிக்கு வாடை கிளம்புகிறது. உடைகிற ஒவ்வொன்றும் இதே பறிப்பைப் புதிதாகத் தொடங்கும் துண்டுகளையும் விட்டுச் செல்கிறது. பாலுக்கு உறைமோர் எப்படியோ, புது எண்ணெய்க்கு ஜாடி அடியில் கிடக்கும் பழசு அப்படி. பாதி காலியான டின்னில் புதுசை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை நாம் விட்டே ஆகவேண்டும்.

எண்ணெய்க்குச் சொந்தக் காவலும் உண்டு. வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தப் பிடுங்கலை நிறுத்தும். நல்லெண்ணெயில் கூடவே சீசமோல், சீசமின் வகைப் பொருட்களும் இருப்பதால், லினோலிக் அமிலம் கடலெண்ணெயைவிட அதிகம் இருந்தும் அது நன்றாகத் தாங்குகிறது. இந்தக் காவல் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. தீர்ந்ததும் சில நாட்களிலேயே காறல் ஏறிவிடும். "போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று நாம் திகைப்பது இதனால்தான்.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. அதில் சுமார் 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாத கொழுப்பு. ஆக்சிஜனுக்கு அங்கே பெரிய வேலையில்லை. அதற்குப் பகை ஈரம். காங்கேயம் பக்கம் களங்களில் கொப்பரையை அவ்வளவு அக்கறையாகக் காயவைப்பது அதற்காகத்தான். ஈரப்பதம் 6 சதவீத அளவுக்கு இறங்கினால்தான் கொப்பரை பூசணம் பிடிக்காமல் நிற்கும். ஈரமும் பூசணத்தின் நொதியும் சேர்ந்தால் கொழுப்பிலிருந்து லாரிக் அமிலம் பிரிந்து வரும். கெட்ட தேங்காய் எண்ணெய் நாக்கில் சோப்புப் போலப் படுவது அதனால்தான். மார்கழியில் அது உறைவது கெடுதல் அல்ல. 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு.

செக்கில் ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவைப்பது நம் ஊர் வழக்கம். கசண்டு இறங்குவது நல்லதுதான். அதிலிருக்கும் ஈரம் எண்ணெயைக் கெடுக்கும். ஆனால் கண்ணாடி பாட்டிலில் வெயில் படும்படி வைக்காதீர்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் இருக்கும் துளி பச்சையம் வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனை உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட ஆக்சிஜன் லினோலிக் அமிலத்தைத் தாக்கும் வேகம் சாதாரண ஆக்சிஜனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். மூடிய எவர்சில்வர் போசியில் வைத்தால் சூடு படும், வெளிச்சம் படாது. தெளிந்ததும் மேலாக இறுத்து, நிழலான இடத்துக்கு மாற்றிவிடலாம். பித்தளைப் பாத்திரமும் துருப்பிடித்த டின்னும் வேண்டாம். பித்தளையிலுள்ள செம்பும் டின்னின் இரும்பும் ஹைட்ரோபெராக்சைடை உடைத்துக்கொண்டே இருக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

சரி, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில் பெராக்சைடு அளவு, அதாவது எண்ணெயில் ஹைட்ரோபெராக்சைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சர்வதேச உணவுத் தரப்படி, சுத்திகரித்த எண்ணெய்க்கு கிலோவுக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் (இந்த அளவைச் சொல்லும் அலகு), செக்கெண்ணெய் வகைக்கு 15 வரை. ஆனால் ரொம்பவும் கெட்ட எண்ணெயில் பெராக்சைடு உடைந்து தீர்ந்து, அளவு மறுபடி குறைவாகக் காட்டும். அதனால் மூக்கை நம்பலாம். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, சூடேறத் தேய்த்து முகருங்கள். கடலை வாசம் போய் பழைய பெயிண்ட் வாடை வந்தால் அது போய்விட்டது. மூடியின் திருகில் விரலை வையுங்கள். கோந்து மாதிரி இழுத்தால், அங்கே வழிந்த எண்ணெய் ஆக்சிஜனோடு பிணைந்து பிசினாகிவிட்டது. ஆளி விதை எண்ணெய்ப் பெயிண்ட் காய்வதும் இதே வேதிவினைதான். அந்தப் பிசினைத் துடைக்காமல் ஊற்றினால் அதுவும் உறைமோர்தான்.

மூக்குக்கு அகப்படாதது ஒன்று உண்டு. பூசணம் பிடித்த கடலையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு வாசமே கிடையாது, செக்கெண்ணெயில் வடிகட்டியும் போகாது. கடலையைச் செக்குக்குக் கொண்டுபோகும் முன் முறத்தில் பரப்பி, சுருங்கினதையும் பச்சையோ கறுப்போ படிந்ததையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடவேண்டும். அம்மிச்சி அதை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து செய்வார்.