பழைய கணினி ஏன் புது எஸ்.எஸ்.டி.யைக் கண்டுகொள்வதில்லை?

பழைய டெஸ்க்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் புது எஸ்.எஸ்.டி. மாட்டியிருக்கிறார் வாசகர் ஒருவர். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "போர்டு பழசு சார், இதெல்லாம் எடுக்காது" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். உண்மையா என்று கேட்கிறார்.

சில போர்டுகளுக்கு உண்மை, பலவற்றுக்கு இல்லை. முதலில் பயாஸுக்குள், அதாவது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே எஸ்.எஸ்.டி.யின் மாடல் பெயர் தெரிந்தால் போர்டைத் திட்ட வேண்டியதில்லை. அந்தப் பெயர் கணினிக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்றல்ல. "நீ யார்?" என்று கணினி கேட்க, எஸ்.எஸ்.டி. அனுப்பும் 512 பைட் பதிலில் இருந்துதான் அது எடுக்கப்படுகிறது. ஆக, பெயர் தெரிகிறது என்றாலே மின்சாரம், கேபிள், வேகம் எல்லாம் சரி. விண்டோஸில் டிரைவ் தெரியாததற்குக் காரணம், பெரும்பாலும் புது எஸ்.எஸ்.டி.யில் பார்ட்டிஷனே (ஃபைல்களை வைக்கப் பிரித்த இடம்) இல்லாததுதான். விண்டோஸ் உள்ள பழைய டிஸ்க்கையும் கூடவே மாட்டி, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபார்மட் செய்தால் வந்துவிடும். 2 டெராபைட்டுக்குள் இருந்தால் பழைய கணினிக்கு எம்.பி.ஆர். என்ற பழைய பார்ட்டிஷன் முறையே போதும்.

பெயர் தெரியவில்லையா? கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள், பயாஸில் அந்தப் போர்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எம்.2 எனப்படும் சின்ன அட்டை வடிவ எஸ்.எஸ்.டி. என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் அந்த அட்டைகளில் சில சாட்டா வகை (ஹார்டு டிஸ்க்குகள் பயன்படுத்தும் அதே இணைப்பு), சில அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகை. சாட்டா இணைப்பு மட்டும் உள்ள ஸ்லாட்டில் என்.வி.எம்.இ. அட்டையைச் செருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் பதில் வராது. அதற்கு வேண்டிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கம்பிகளே அங்கே கிடையாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் பெயர் வரவில்லை என்றால்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

சாட்டா கேபிளில் தகவலுக்காக இருப்பது இரண்டு ஜோடிக் கம்பிகள்: ஒன்று போக, ஒன்று வர. கடிகாரத் துடிப்புக்கென்று தனிக் கம்பி இல்லை. எந்த வேகத்தில் பிட்டுகள் வருகின்றன என்பதை, வரும் சிக்னலின் ஏற்ற இறக்கத்தில் இருந்தே கண்டுபிடிக்க வேண்டும். சாட்டாவில் மூன்று வேகங்கள் உண்டு: விநாடிக்கு 1.5, 3, 6 கிகாபிட். எதிராளியின் வேகம் தெரியாமல் அவர் அனுப்புவதைப் படிக்க முடியாது. படிக்காமல் வேகத்தைப் பேசி முடிவுசெய்வது எப்படி?

படிக்கவே தேவையில்லாத ஒரு பேச்சை வைத்திருக்கிறார்கள். கணினி முதலில் சில மின்துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொன்றும் சுமார் 107 நானோ விநாடி நீளம். துடிப்புக்குள் இருக்கும் பிட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. கவனிப்பது இடையில் வரும் மௌனத்தின் நீளத்தை மட்டும். மௌனம் 320 நானோ விநாடி என்றால் "ஆரம்பத்திலிருந்து தொடங்கு" என்று பொருள். 107 நானோ விநாடி என்றால் "எழுந்திரு". மிஸ்டு கால் கொடுத்தே பேசிக்கொள்வோமே, ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன் என்று, அந்த உத்திதான். சிக்னல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பதால் மூன்று தலைமுறைச் சாதனங்களுக்கும் இந்த மொழி பொது. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம்தான்.

இரண்டு பக்கமும் இப்படி எழுப்பிக்கொண்டதும் எஸ்.எஸ்.டி. தன் உச்ச வேகத்தில் ஓர் அடையாளச் சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பும். சுமார் 55 மைக்ரோ விநாடி பார்க்கும். பதில் இல்லையா, அடுத்த வேகத்துக்கு இறங்கும். அங்கேயும் இல்லையா, இன்னும் ஒரு படி. கணினி தனக்குப் புரிகிற வேகம் வரும்வரை பொறுத்திருந்து, அதே வேகத்தில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு 880 மைக்ரோ விநாடி அவகாசம் இருக்கிறது. மூன்று வேகங்களையும் முயன்று பார்க்க அது தாராளம்.

விதி இப்படி இருந்தும், 1.5 கிகாபிட் மட்டுமே புழங்கிய காலத்தில் வந்த சில சிப்புகள் இதைச் சரியாகச் செய்வதில்லை. வயா நிறுவனத்தின் விடி8237, விடி8237ஆர் சிப்புகள் இதற்குப் பேர்போனவை. 3 கிகாபிட் டிரைவை மாட்டினாலே அவை குழம்பிவிடும். அதனால்தான் அந்தக் கால ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றின் பின்புறம் ஒரு ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) இருந்தது. அதைப் போட்டால் டிரைவ் 1.5-லேயே பேச்சைத் தொடங்கும். எஸ்.எஸ்.டி.களில் இந்த ஜம்பர் பொதுவாகக் கிடையாது. கடைக்காரர் சொன்னது உண்மையாவது இங்கேதான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் வராது சார், ரீஸ்டார்ட் பண்ணினால் சில நேரம் வரும், அது ராசி" என்பார்கள். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. சில எஸ்.எஸ்.டி.களுக்கு மின்சாரம் வந்ததும் தயாராகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் பயாஸ் தேடி முடித்துவிட்டால் டிரைவ் இல்லை என்றே முடிவுசெய்துவிடும். ரீஸ்டார்ட் செய்யும்போது எஸ்.எஸ்.டி. மின்சாரத்தை இழப்பதில்லை, ஏற்கெனவே விழித்திருக்கிறது. ஆயுத பூஜைக்குக் கணினிக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் வருகிறது என்பது நல்ல தடயம். அதை ராசி என்று ஒதுக்கிவிட்டால் பழுதைக் கண்டுபிடிக்கும் வழியையே மூடிவிடுகிறோம்.

சரி, வாசகர் என்ன செய்யலாம்? அதே எஸ்.எஸ்.டி.யை வேறொரு புதிய கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது. போர்டில் இருப்பது மேலே சொன்ன சிப் என்றால், தனி சாட்டா கார்டு ஒன்றை பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகிக்கொள்ளலாம். அந்த ஸ்லாட்டின் திறன் விநாடிக்கு 133 மெகாபைட்தான், ஆனால் அதற்காகச் சலித்துக்கொள்ள வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க் ஒரு சின்ன ஃபைலைத் தேடிப் போகவே 10 மில்லி விநாடி அளவுக்கு எடுத்துக்கொள்ளும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். விண்டோஸையும் அதிலேயே வைக்கப்போகிறீர்கள் என்றால், சொந்த பயாஸ் உள்ள கார்டாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டிரைவ் தெரியும், பூட் மட்டும் ஆகாது.