நீலச் சுடர் அடங்கிய பிறகு

மார்கழி பிறந்துவிட்டால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தளி வரைக்கும் விடியற்காலைக் குளிர் எலும்பைக் குடையும். புழுவுக்கோ 24 முதல் 28 டிகிரி வரை சூடு வேண்டும். குறைந்தால் இலை தின்னாது, தோலுரிப்பு தள்ளிப்போகும். அதனால் ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டி, வளர்ப்பு மனையின் நடுவில் கரி அடுப்பை வைப்பார்கள். மின்சார ஹீட்டர் வாங்கியவர்களுக்கும் கரண்ட் போன இரவில் அதே அடுப்புதான் துணை.

கல்லூரியில் படித்த காலத்தில் மாமா வீட்டுப் புழு மனையில் நான் அப்படி ஓர் இரவு காவல் இருந்தேன். நள்ளிரவில் இலை போட எழுந்தபோது நெற்றிப்பொட்டு தெறித்தது, வயிற்றைப் புரட்டியது, கால் தள்ளாடியது. “தூக்கம் கெட்டதால் வந்த தலைவலி. வாசலில் கொஞ்சம் உட்கார், கண்ணு” என்றார் மாமா. உட்கார்ந்தேன், மெல்லத் தெளிந்தது. என்னைக் காப்பாற்றியது அந்த வாசல் காற்று என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது. அடுப்பில் துளிப் புகை இல்லாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கங்கு சிவந்து வரும்போது அதன் மேல் மெல்லிய நீலச் சுடர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எரிவது கார்பன் மோனாக்சைடு. அடுப்பின் அடியில் நுழையும் காற்று, கங்கில் பட்டுக் கார்பன் டை ஆக்சைடாகிறது. அது கனலும் கரித்துண்டுகளின் இடுக்குகளில் புகுந்து மேலே ஏறும்போது கரியிலிருந்து இன்னொரு கார்பன் அணுவைப் பறித்துக்கொண்டு, ஒரு மூலக்கூறு இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாகிவிடுகிறது. மேலே போதிய சூடும் காற்றும் இருந்தால் அது நீலமாக எரிந்து தீரும். சாம்பல் மூடிச் சுடர் அடங்கிய பிறகும் உள்ளே வாயு உருவாகிக்கொண்டுதான் இருக்கும். எரிய வழியில்லாமல் அப்படியே அறைக்குள் பரவும். “புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே கொண்டுபோகலாம்” என்று நாம் அடுப்பைத் தூக்குவது சரியாக அந்த நேரத்தில்தான். புகையாவது கண்ணை எரித்து ஆளை எழுப்பிவிடும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் ஒரு கமறல்கூட இல்லை.

மூலையில் ஓர் அண்டா தண்ணீர் வைத்தால் நச்சுக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதை நம்பி யாரும் படுக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். மூக்கில் கட்டிய ஈரத்துணியையும் அது தாண்டி வரும். அதன் எடை ஏறத்தாழ காற்றின் எடைதான் என்பதால் அறை முழுவதும் ஒன்றாகக் கலந்துவிடும்; தரையில் படுத்தாலும் கட்டிலில் படுத்தாலும் ஒன்றே.

மூச்சில் போன வாயு ரத்தத்தில் செய்வதை 1857-ல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் விளக்கினார்: ஆக்சிஜனை விரட்டிவிட்டு ஹீமோகுளோபினில் அது இடம் பிடித்துக்கொள்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு இதைப் பற்றுகிறது. ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இருக்கைகள். ஒன்றில் இந்த வாயு உட்கார்ந்தால், மற்ற இருக்கைகளில் இருக்கும் ஆக்சிஜனும் இறங்க வேண்டிய இடத்தில் எளிதில் இறங்காது. சோகையால் பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் களைப்போடு நடமாடுவார். பாதி ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடிடம் பறிகொடுத்தவர் நினைவிழந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். காற்றின் பத்து லட்சம் பங்கில் 400 பங்கு இந்த வாயு இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி வரும். 1,600 பங்கு இருந்தால் இருபது நிமிடத்தில் தலைசுற்றும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போகலாம்.

பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890-களில் இந்த வாயுவைத் தானே சுவாசித்துச் சோதித்தவர். சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோகச் சொன்னவரும் அவரே. வேகமாக மூச்சு விடும் பறவை மனிதனுக்கு முன்பே சாய்ந்துவிடும். நம் மனையில் இருக்கும் பட்டுப்புழு அப்படி எச்சரிக்காது. அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் இல்லை. உடலெங்கும் ஓடும் நுண்குழாய்கள் வழியாகக் காற்று நேரே திசுக்களுக்குப் போகிறது. புழு இலை தின்கிறது என்பதால் காற்று நமக்கும் நல்லது என்று எண்ணக் கூடாது.

இதே அடுப்பு லாரி கேபினுக்குள்ளும் வருகிறது. தொப்பூர் கணவாய் ஏறி வரும் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே சமைத்துத் தூங்குவது எனக்குப் பெரும் கவலை. விறகடுப்புச் சமையலறையில் கார்பன் மோனாக்சைடோடு நுண்துகள்களும் சேர்ந்துகொள்கின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசி அறை வரை போய், ஆண்டுக்கணக்கில் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். வீட்டுக்குள் எழும் இந்த மாசினால் 2020-ல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கர்ப்பிணிகள் இந்தக் காற்றில் இருக்கவே கூடாது. சிசுவின் ஹீமோகுளோபின் கார்பன் மோனாக்சைடைத் தாயினுடையதைவிட இறுக்கிப் பிடிக்கும்.

யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்து, அவரை வெளியே இழுத்துவிட்டு, 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் “மூடிய அறையில் கரி எரிந்தது” என்ற வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியது என்று எண்ணி 98 காட்டும். ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதும். எழுந்து நடந்தவருக்கும் சில வாரங்கள் கழித்து மறதியோ குழப்பமோ வரலாம். அப்போது மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாமாவின் மனையில் இப்போது அடுப்பு வெளிச்சுவரில் இருக்கிறது. அதன் தகரக் குழாய் மட்டும் உள்ளே ஓடிச் சூடு கொடுத்துவிட்டுக் கூரைக்கு மேலே போகிறது. ஒவ்வொரு முறை பட்டுப்புழு முட்டை வாங்கும் முன்பும், குழாய் மூட்டுகளில் பூசிய களிமண் விரிசல் விட்டிருக்கிறதா என்று மாமா டார்ச் அடித்துப் பார்க்கிறார்.