வலிப்போடு கரப்பானும் சேர்ந்தால் பயோட்டினை நினையுங்கள்

வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற பி வகை விட்டமின் மாத்திரை வாங்குபவர்கள் நிறைய. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். முட்டை மஞ்சள் கரு, ஈரல், மீன், வேர்க்கடலை சாப்பிடுகிற வீட்டில் அது தானாகவே கிடைத்துவிடும். கடை மாத்திரையில் பல நேரம் 10 மில்லிகிராம் இருக்கிறது, தேவையைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். இதே மாத்திரை இல்லாமல் வாழவே முடியாத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். நாம் தவறவிடுவது அவர்களைத்தான்.

உணவிலிருந்தும், உடலில் வேலை முடித்த நொதிகளிலிருந்தும் பயோட்டினைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்பட வைப்பது பயோட்டினிடேஸ் என்ற நொதி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் இந்த நொதி சரியாக வேலை செய்யாது. இதுதான் பயோட்டினிடேஸ் குறைபாடு. இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டிய குடும்பங்களில் அப்படி இருவரும் சுமப்பவர்களாக அமைவது கூடுதல்.

இந்தக் குறைபாடுள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் பிறந்த மூன்று, நான்கு மாதத்தில் வலிப்பு வரும். உடல் துவளும், வாயையும் கண்ணையும் சுற்றித் தோல் சிவந்து உரியும், தலைமுடியும் புருவமும் உதிரும். வீட்டில் வலிப்பை மாந்தம் என்பார்கள், தோல் உரிவதைக் கரப்பான் என்பார்கள். தனித்தனியாக வைத்தியம் பார்ப்பதில் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் காது கேட்பதும் பார்வையும் போனால் பிறகு மாத்திரை கொடுத்தாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை.

இதை முன்பே கண்டுபிடிக்க, பிறந்து 48 முதல் 72 மணி நேரத்தில் குதிகாலின் ஓரத்தில் குத்தி, வடிதாளில் சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். நம் ஊர் வெக்கையும் கடற்கரைப் புழுக்கமும் இந்த நொதியைக் கெடுத்துவிடும். தாளை வெயில் படாமல், படுக்கை வசமாக மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரம் புகாத உறையில் உடனே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நல்ல குழந்தைக்கும் குறைபாடு என்று காட்டும். நொதியின் அளவு குறைவாகக் காட்டினால், ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் பரிசோதித்து உறுதிசெய்யலாம்: இயல்பில் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு, 10 முதல் 30 என்றால் பகுதிக் குறைபாடு.

வலிப்பு வந்த குழந்தைக்கு ரத்தம் எடுத்ததும் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் பயோட்டினைத் தொடங்கலாம். மாத்திரை நொதி அளவை மாற்றாது, அதனால் பரிசோதனை முடிவு கெடாது. கடுமையான குறைபாட்டுக்கு வழக்கமாகத் தினமும் 5 முதல் 10 மில்லிகிராம், ஆயுள் முழுக்க. பல விட்டமின் கலந்தது வேண்டாம், பயோட்டின் மட்டும் உள்ளதை வாங்குங்கள். பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியில் கொடுங்கள். புட்டியில் கலந்தால் அடியில் தங்கிவிடும். பச்சை முட்டை இந்தக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வெள்ளைக் கருவில் உள்ள அவிடின் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். வேகவைத்த முட்டையில் அந்தப் பயம் இல்லை.

முடிக்காக 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பல ஆய்வகக் கருவிகளில் தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் ஹார்மோன்களான டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் தவறாகக் காட்டும். நெஞ்சுவலிக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் குறைத்துக் காட்டக்கூடும். அவசரத்தில் மாத்திரை விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறைபாடுள்ள குழந்தைக்கு மட்டும் எந்தப் பரிசோதனைக்காகவும் நிறுத்தக் கூடாது, ஆய்வகத்தில் தெரிவித்தால் போதும்.

ஒரு குழந்தைக்கு உறுதியானால் அதன் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அதே வாரம் ரத்தம் எடுத்துவிடுங்கள்.